‘ஐந்து வருட மின்னஞ்சல் முழுக்க வேண்டும்’: போட்டி ஆணையத்தின் கை எதுவரை நீளும்?

கேள்வி: நடுத்தர அளவிலான ஒரு பேக்கேஜிங் பொருள் தயாரிப்பு நிறுவனத்தில் கம்பெனி செக்ரட்டரியாக இருக்கிறேன். நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைக்கின்றனவா என்று விசாரிக்கும் போட்டி ஆணையத்திடமிருந்து சென்ற வாரம் ஒரு நோட்டீஸ் வந்தது. விலை தொடர்பான ஐந்து வருட மின்னஞ்சல்கள் முழுவதும், விற்பனை மேலாளர்களின் சொந்த போனில் இருக்கும் வாட்ஸப் உரையாடல்கள், எங்கள் சட்டப் பிரிவு எழுதிய உள்குறிப்புகள், வேறு நாட்டில் இருக்கும் தாய் நிறுவனத்தின் விலைக் கொள்கை ஆவணங்கள் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி வேறு: ‘போட்டியாளர்கள் விலை உயர்த்திய அதே மாதத்தில் நீங்களும் உயர்த்தியது என்ன நோக்கத்தில், யாருடன் பேசி?’ பதினான்கு நாள் கெடு. எங்கள் மேலாண்மை இயக்குநர் ‘வணிக ரகசியம், தர முடியாது என்று எழுதிவிடுங்கள்’ என்கிறார். விற்பனைப் பிரிவில் ஒருவர் ‘பழைய வாட்ஸப்பையெல்லாம் அழித்துவிடலாமா’ என்று என்னிடமே வந்து கேட்டார். இவர்கள் அதிகாரத்துக்கு எல்லை என்று ஒன்று உண்டா, இல்லையா?

பதில்: முதலில் அந்த விற்பனைப் பிரிவுக்காரரைப் பிடியுங்கள். உங்கள் மற்ற கேள்விகளுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது, இதற்கு இன்று சாயங்காலம் வரைகூட இல்லை. நோட்டீஸ் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து ஒரு செய்தியைக்கூட யாரும் அழிக்கக்கூடாது, வாட்ஸப்பிலோ மின்னஞ்சல் சர்வரிலோ தானாக அழியும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும் என்று விற்பனை, ஐ.டி., இயக்குநர்கள் என எல்லோருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். 2024 ஜூனில் இன்டர்நேஷனல் ஃப்ளேவர்ஸ் அண்ட் ஃப்ராக்ரன்சஸ் நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணையம் 1.59 கோடி யூரோ அபராதம் போட்டது இதற்காகத்தான். சோதனைக்கு ஆட்கள் வந்தது தெரிந்த பிறகு ஒரு மூத்த ஊழியர், போட்டி நிறுவனத்து ஆளோடு பேசிய வாட்ஸப் செய்திகளை அழித்தார். ஒத்துழைத்ததற்காகப் பாதியாகக் குறைத்த பிறகு வந்த தொகை அது. கார்டெல், அதாவது போட்டி நிறுவனங்கள் ரகசியமாகக் கூடி விலை பேசுவது, இருந்ததா இல்லையா என்ற முக்கிய விசாரணை அப்போது முடியவே இல்லை. அதற்கும் முன்னால், 2008ல், ஜெர்மனியின் இ.ஆன் நிறுவனத்துக்கு 3.8 கோடி யூரோ. சோதனையின்போது அறைக்கதவில் ஒட்டியிருந்த முத்திரை மறுநாள் காலையில் உடைந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளிருந்து காகிதம் ஏதும் போனதா என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, இப்போது எல்லை விஷயம். எந்த நாட்டு ஆணையம் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான எலும்புக்கூட்டைச் சொல்லி, முக்கியமாக எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் நாட்டுப் பெயரோடு சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லை உண்டு, நிஜமாகவே உண்டு, ஆனால் அது ‘தர முடியாது’ என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் இல்லை. ‘இதை இப்படிக் கேட்கக்கூடாது, அப்படிக் கேளுங்கள்’ என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டிய இடமும் நீதிமன்றத்தைவிட ஆணையத்து விசாரணை அதிகாரியின் மேசைதான்.

கையில் இருக்கும் காகிதம் என்ன வகை என்று பார்த்தீர்களா? நிறைய பேர் இதைப் பார்ப்பதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1/2003 ஒழுங்குமுறையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சாதாரண வேண்டுகோள்: பதில் சொல்லாவிட்டால் குற்றமில்லை, ஆனால் சொல்லும் பதில் தவறாகவோ திசைதிருப்புவதாகவோ இருந்தால் மொத்த விற்றுமுதலில் 1% வரை அபராதம். இன்னொன்று முறையான முடிவாணை: பதில் சொல்லியே ஆக வேண்டும், தாமதித்தால் தினசரிக் கணக்கில் தண்டம் ஏறும். அமெரிக்காவில் 1962ல் வந்த சட்டத்தின்கீழ் நீதித்துறை அனுப்பும் ‘சிவில் இன்வெஸ்டிகேட்டிவ் டிமாண்ட்’ கடிதம் படிக்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் நீங்கள் இணங்காவிட்டால் அவர்கள்தான் நீதிமன்றத்துக்குப் போய் அமல்படுத்தக் கேட்க வேண்டும். நீங்களாகவே ஆட்சேபிக்க நினைத்தால் 20 நாளுக்குள், அல்லது ஆவணம் தர வேண்டிய தேதிக்குள், எது முந்தியதோ அதற்குள் மனு போட வேண்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு ஆணையத்துக்கும், 41ஆம் பிரிவு விசாரணை நடத்தும் டைரக்டர் ஜெனரலுக்கும், சிவில் நீதிமன்றம் ஆவணங்களை வரவழைக்கும் அதே அதிகாரத்தைக் கொடுக்கிறது. அங்கே ஆட்சேபம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். விசாரணையின் ஆரம்பக் கட்டத்தில் நீதிமன்றங்கள் தலையிடத் தயங்குவதுதான் வழக்கம். ஆக, நோட்டீஸில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதுதான் நீங்கள் முதலில் அடிக்கோடிட வேண்டியது. ‘கட்டாயம்’ என்று இருக்கிறதா, ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று இருக்கிறதா?

அடுத்தது, எதற்காகக் கேட்கிறார்கள் என்ற பத்தி. நிஜமான எல்லை இங்கேதான் இருக்கிறது. எதைச் சந்தேகிக்கிறார்கள், எந்தப் பொருள், எந்தச் சந்தை, எந்தக் காலம் என்று நோட்டீஸ் சொல்ல வேண்டும், கேட்கும் ஆவணத்துக்கும் அந்தச் சந்தேகத்துக்கும் ஏதாவது தொடர்பு தெரிய வேண்டும். இந்தக் கொள்கை நூறு வருடத்துக்கு மேல் பழசு. 1906ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஹேல் எதிர் ஹென்கெல் என்று ஒரு வழக்கு, புகையிலைத் தொழிலில் போட்டித் தடை பற்றிய விசாரணையில் வந்தது. ஒரு நிறுவனம் தொடங்கிய நாள் முதலான ஒப்பந்தங்கள், வேறு ஆறு நிறுவனங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து என்று ஏகத்துக்குக் கேட்டிருந்தார்கள். இவ்வளவையும் வாரிக்கொண்டு போய்விட்டால் அந்த நிறுவனம் எப்படித் தொழில் நடத்தும் என்ற தொனியில் நீதிமன்றம் பேசியது, அந்த அழைப்பாணை அளவுக்கு மிஞ்சியது என்றும் சொன்னது. 1924ல் நீதிபதி ஹோம்ஸ், ஏதாவது அகப்படுமா என்று தனியார் காகிதங்களுக்குள் மீன்பிடிக்கக் கிளம்ப அரசு அமைப்புக்கு அனுமதி இல்லை என்று எழுதினார். உங்கள் மேலாண்மை இயக்குநருக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும், அவரிடம் காட்டாதீர்கள். ஏனென்றால் 1950ல் மார்ட்டன் சால்ட் வழக்கில் அதே நீதிமன்றம் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் நகர்ந்துவிட்டது: விசாரணை சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் இருந்தால், கேட்பது தெளிவாக இருந்தால், ஓரளவு பொருத்தமாக இருந்தால், அது போதும், வெறும் ஆர்வத்தில் கேட்டாலும்கூடக் கேட்கலாம் என்றது. இன்றுவரை அமெரிக்காவில் அந்த அளவுகோல்தான் ஓடுகிறது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2017ல் எக்செல் கிராப் கேர் வழக்கில், விசாரணை அதிகாரி புகாரில் எழுதியிருப்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. ‘புகார் அந்த ஒரு டெண்டரைப் பற்றித்தான், மற்றதை எப்படிக் கேட்கலாம்’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சிமென்ட் வழக்கு. ஹைடல்பெர்க் சிமென்ட் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு 2011ல் ஐரோப்பிய ஆணையம் முடிவாணை மூலம் ஒரு பெரிய கேள்விப் பட்டியலை அனுப்பியது. அதற்கு முன்பே சோதனைகள் நடந்து முடிந்திருந்தன, ஏற்கெனவே நிறைய தகவல் கையில் இருந்தது, ஆனாலும் எதைச் சந்தேகிக்கிறோம் என்ற பகுதி மட்டும் மேம்போக்காக, எந்த நாடு, எந்தப் பொருள் என்றே தெளிவில்லாமல் இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2016 மார்ச்சில் அந்த முடிவாணையை ரத்து செய்தது. விசாரணையின் முதல் நாளில் மங்கலாக இருக்கலாம், இரண்டு வருடம் தோண்டிய பிறகும் மங்கலாகவே இருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அருமையான தீர்ப்பு, சட்ட வகுப்பில் சொல்லிக்கொடுக்க. ஆனால் தேதியைக் கவனியுங்கள். அந்த நிறுவனங்கள் பதில்களை 2011லேயே கொடுத்துவிட்டன, ஆணையம் ஆதாரம் போதவில்லை என்று 2015 ஜூலையில் விசாரணையையே மூடிவிட்டது, இவர்கள் வழக்கில் ஜெயித்தது அதற்கும் ஏழெட்டு மாதம் கழித்து! நான் நீதிமன்றத்தைவிட மேசையை நம்பச் சொல்வது இதனால்தான்.

அந்த மேசைக்கு வெறும் கையோடு போகாதீர்கள். ‘இது ரொம்ப அதிகம்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எண்ணிக்கையோடு சொன்னால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள். எத்தனை பேருடைய மின்னஞ்சல், மொத்தம் எத்தனை லட்சம், அதில் ‘விலை’ என்ற சொல் வருவது எவ்வளவு, கேண்டீன் விலைப்பட்டியலும் அதில் சிக்குகிறதா என்றெல்லாம் உங்கள் ஐ.டி. ஆட்களிடம் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஒரு விவகாரத்தில் நாற்பது பேருடைய அஞ்சல் பெட்டி கேட்டிருந்தார்கள். யார் விலையை முடிவு செய்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் வரைபடமாகப் போட்டுக் காட்டியதும் ஒன்பது பேராகக் குறைந்தது. அதிகாரிக்கும் குப்பை வேண்டாம், அதைப் படிக்கப் போவது அவருடைய ஆட்கள்தானே. தேடுசொற்கள் விஷயத்தில் மெட்டா நிறுவனம் சண்டை போட்டுப் பார்த்தது. 2020ல் ஐரோப்பிய ஆணையம் கொடுத்த தேடுசொல் பட்டியலில் ‘பெரிய கேள்வி’, ‘நமக்கு நல்லதல்ல’ என்ற அர்த்தத்தில் அன்றாடம் யாரும் எழுதும் ஆங்கிலத் தொடர்கள் எல்லாம் இருந்தன, அதனால் ஊழியர்களின் சொந்த விஷயங்களும் மருத்துவத் தகவல்களும் சேர்ந்து சிக்குகின்றன என்பது அவர்கள் வாதம். 2023 மே மாதம் ஐரோப்பிய பொது நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் வழக்கு நடக்கும்போதே, 2020 அக்டோபரில் வந்த இடைக்கால உத்தரவால் ஒரு நல்லது நடந்தது: அந்தரங்கத் தகவல் கொண்ட ஆவணங்களைத் தனி டிஜிட்டல் அறையில் வைத்து, நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இருக்க, குறிப்பிட்ட சில அதிகாரிகள் மட்டும் பார்த்து, தேவையானதை மட்டும் கோப்பில் சேர்ப்பது என்ற ஏற்பாடு. உங்கள் மேலாளர்களின் சொந்த போன் விவகாரத்துக்கு இதே மாதிரி ஒரு ஏற்பாட்டைக் கேளுங்கள். ‘சொந்த போன், அதனால் தர மாட்டோம்’ என்பது நிற்காது. தொழில் பேச்சு எந்தக் கருவியில் நடந்தது என்பது பெரிய பொருட்டில்லை. குடும்பப் படங்களையும் மருத்துவ ரிப்போர்ட்டையும் பிரித்தெடுத்த பிறகு தருகிறோம் என்பது நிற்கும்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி, ‘என்ன நோக்கத்தில், யாருடன் பேசி’. இது ஆவணம் கேட்பது இல்லை, வாக்குமூலம் கேட்பது. இரண்டுக்கும் சட்டம் வேறு. ஐரோப்பாவில் 1989ல் வந்த ஆர்கெம் தீர்ப்பு கோடு போட்டது: ஏற்கெனவே இருக்கும் ஆவணங்கள் உங்களுக்கு எதிராகவே இருந்தாலும் கொடுத்தாக வேண்டும், நடந்த விஷயங்களை, அதாவது கூட்டம் எப்போது நடந்தது, யார் வந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஆனால் ‘ஆமாம், விலையை ஒப்பந்தம் போட்டு உயர்த்தினோம்’ என்று ஒப்புக்கொள்ள வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது, ஏனென்றால் குற்றத்தை நிரூபிப்பது ஆணையத்தின் வேலை. உங்கள் நோட்டீஸில் ‘என்ன நோக்கத்தில்’ என்ற பகுதி இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போவதுபோல் எனக்குப் படுகிறது, ‘யாருடன் பேசி’ என்பது இந்தப் பக்கம். அதனால் ஒரே கேள்வியைப் பிரித்து, நடந்ததற்கு நேர்மையாகப் பதிலும் நோக்கத்துக்கு ஆட்சேபமும் தெரிவிக்கலாம். அமெரிக்காவில் இந்தப் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு இல்லவே இல்லை. நான் மேலே சொன்ன அதே 1906 தீர்ப்பு ஒரு பக்கம் அழைப்பாணை அளவுக்கு மிஞ்சியது என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாத உரிமை மனிதர்களுக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டது.

உங்கள் சட்டப் பிரிவின் உள்குறிப்புகள். இதில் நாட்டுக்கு நாடு மாறும், உங்களுக்கு வலிக்கவும் கூடும். கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான ரகசியம் பாதுகாக்கப்படும் என்பது எங்கும் பொதுவான விதிதான், ஆனால் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட ஆலோசகர் அதில் வருவாரா? ஐரோப்பிய ஆணையத்தின் விசாரணையில் வரமாட்டார். 1982ல் ஏ.எம். அண்ட் எஸ். வழக்கில் சுதந்திரமாகத் தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு மட்டும்தான் என்று வரையறுத்தார்கள், 2010ல் அக்ஸோ நோபல் வழக்கில் அதை மறுபடி உறுதி செய்தார்கள். அங்கே சண்டையின் மையம் பொது மேலாளருக்கும் நிறுவனத்தின் சொந்த வழக்கறிஞருக்கும் இடையே போன இரண்டு மின்னஞ்சல்கள். அந்த வழக்கறிஞர் முறைப்படி வழக்கறிஞர் சங்கத்தில் பதிவு செய்தவர், அப்படியும் பயனில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள் வழக்கறிஞருக்கும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில், முழுநேரச் சம்பளத்தில் இருப்பவருக்கு வழக்கறிஞருக்கு உரிய அந்த முழுப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. வெளி வழக்கறிஞர் கொடுத்த கருத்தை உங்கள் ஆட்கள் தங்களுக்குள் சுருக்கி எழுதிய குறிப்பு இருந்தால், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். 1990ல் ஹில்டி வழக்கில் அந்த மாதிரிக் குறிப்புக்கும் பாதுகாப்பு கிடைத்தது. எதைக் கொடுக்க மறுக்கிறீர்களோ அதற்கு ஒரு பட்டியல் போடுங்கள்: தேதி, யார் யாருக்கு எழுதியது, ஏன் மறுக்கிறோம். உள்ளடக்கத்தைச் சொல்ல வேண்டாம். பட்டியல் இல்லாமல் சத்தமில்லாமல் விட்டுவிடுவது பிறகு ‘மறைத்தார்கள்’ என்று திரும்பி வரும்.

வணிக ரகசியம் பற்றி மேலாண்மை இயக்குநர் சொல்வது தவறு. எனக்குத் தெரிந்த எந்த நாட்டிலும் அது ஆணையத்துக்கு ஆவணத்தை மறுக்கக் காரணமாகாது. ஆணையத்திடமிருந்து அது வெளியே போகாமல் தடுக்கத்தான் அந்த வாதம். 1986ல் இன்னொரு அக்ஸோ வழக்கு (அந்தக் குடும்பத்துக்கு ராசி அப்படி), ரகசியம் அடங்கிய ஆவணத்தைப் புகார்தாரரான போட்டி நிறுவனத்துக்குக் கொடுக்கக்கூடாது, எது ரகசியம் என்பதில் தகராறு வந்தால் கொடுக்கும் முன் நிறுவனம் நீதிமன்றம் போக வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஆகவே கொடுக்கும்போதே ஒவ்வொரு பக்கத்திலும் ‘ரகசியம்’ என்று குறித்து, ரகசியப் பகுதிகளை மறைத்த இன்னொரு பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். எல்லாப் பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தினால் ஒன்றையும் நம்பமாட்டார்கள்.

தாய் நிறுவனத்து ஆவணங்களுக்கு ‘அது வெளிநாட்டில் இருக்கிறது’ என்பது முன்பு நல்ல கேடயம், இப்போது ஓட்டை விழுந்துவிட்டது. பிரிட்டனில் பி.எம்.டபிள்யூ.வும் ஃபோக்ஸ்வேகனும் இதைச் சொல்லி 2023ல் தீர்ப்பாயத்தில் ஜெயித்தன, 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, ஒரே தொழில் அமைப்பின் பகுதியாக இருந்தால் வெளிநாட்டு நிறுவனத்திடமும் கேட்கலாம் என்றது. உங்கள் கணினியிலிருந்து நீங்கள் திறந்து பார்க்க முடிகிற கோப்பு எங்கே சேமிக்கப்பட்டிருந்தாலும் அது உங்கள் கையில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். திறக்க முடியாததை, முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

பதினான்கு நாள் போதாது, கேளுங்கள், கிடைக்கும். ஆனால் பதின்மூன்றாம் நாள் கேட்காதீர்கள். இந்த வாரமே, முதல் தவணையாகக் கூட்டக் குறிப்புகளையும் விலைப்பட்டியல்களையும் இந்தத் தேதியில் தருகிறோம், மின்னஞ்சல்களை இந்தத் தேதியில் என்று அட்டவணையோடு எழுதினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு உங்களிடம் ஒரு கேள்வி. அந்த வாட்ஸப்பில் என்னதான் இருக்கிறது, யாராவது படித்தீர்களா? அழிக்கலாமா என்று ஒருவர் தானாக வந்து கேட்கிறார் என்றால் நான் முதலில் அதைத்தான் படிப்பேன். வெளி வழக்கறிஞர் ஒருவரை நாளைக்கே அமர்த்தி, அந்த உரையாடல்களை அவர் படிக்கட்டும், நீங்கள் படிக்க வேண்டாம். ஒன்றும் இல்லை என்றால் மேலே சொன்ன எல்லைகளை வைத்து நிதானமாகப் பேரம் பேசலாம். போட்டியாளரோடு விலை பேசியது அதில் இருந்தால், எல்லை பற்றிய விவாதமெல்லாம் இரண்டாம்பட்சம், அங்கே கேள்வி மன்னிப்புத் திட்டம் பற்றியது. கார்டெலை முதலில் வந்து சொல்பவருக்கு அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா எல்லாவற்றிலும் முழுத் தள்ளுபடி வரை வாய்ப்பு உண்டு, விசாரணை தொடங்கிய பிறகும் சில சமயம் அந்த இடம் காலியாக இருக்கும். இந்தியாவில் இரண்டாவதாக வருபவருக்கு 50% வரை, மூன்றாமவருக்கு 30% வரைதான். இதே நோட்டீஸ் உங்கள் போட்டியாளர்களுக்கும் போயிருக்கும், அவர்கள் அலுவலகத்திலும் இன்று யாரோ ஒருவர் இதே வாட்ஸப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம், பதில் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள் என்றால், ‘எங்களிடம் உள்ள அனைத்தும்’ என்ற சொற்றொடரை அடித்துவிட்டு ‘இந்தத் தேதிவரை, இந்த இடங்களில், இந்த முறையில் தேடியதில் கிடைத்த’ என்று எழுதுங்கள். தவறான தகவலுக்கான பொறுப்பு பல நாடுகளில் கையெழுத்துப் போட்ட ஆள் மேலும் வரும். அந்த விற்பனைப் பிரிவுக்காரர் உங்களிடம் கேட்டதையும் நீங்கள் மறுத்ததையும் தேதி போட்டு, எழுத்தில், அந்த வெளி வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.